அளவுக்கு நின்ற பிள்ளை

அந்த நாட்டில் பிள்ளைகளுக்கு வெளி என்று ஒன்று இல்லை. வருடத்தில் ஏழெட்டு மாதம் வெயில் முகத்தில் அறையும். வாசலில் இறங்கினால் செருப்பின் அடி சுடும். பிள்ளைகளை ஓடவிட வேண்டுமென்றால் ஷொப்பிங் மோலுக்குத்தான் கொண்டுபோவார்கள். நான் அங்கே வேலைக்கு இருந்த மூன்று வருடத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் மோலுக்குப் போயிருக்கிறேன். என்னோடு இரண்டு பிள்ளைகள் வரும். இரண்டும் என்னுடையவை இல்லை.

என்னுடைய பிள்ளை பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் ஏறிப்போக வேண்டிய ஒரு தோட்டத்தில் இருந்தாள். நானும் அங்கேயே பிறந்து வளர்ந்தவள்தான். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். நாட்டில் எல்லாவற்றுக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்த வருடம் என் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மலையில் வேலை செய்ய முடியவில்லை. பால்மா கிடைக்கவில்லை. கிடைத்த நாளில் வாங்க முடியவில்லை. ஏஜென்சிக்காரர் வந்து, பிள்ளை வளர்த்துப் பழகியவர்களை அங்கே விரும்பி எடுக்கிறார்கள் என்றார். மகளுக்கு ஆறு வயது நிறையப் போகிற நேரம் அது. அதே லயத்து வரிசை வீடுகளில் இரண்டு வீடு தள்ளி இருந்த அக்காவிடம் அவளை விட்டேன். அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. "மூணாவதா இதயும் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்றாள்.

நான் வேலை செய்த வீட்டில் ஒரு மகள், ஒரு கைக்குழந்தை. அந்த மகளுக்கும் என் மகளுக்கும் மூன்று வாரம்தான் வித்தியாசம். போன முதல் மாதமே பிறந்தநாள் கொண்டாடினார்கள், அப்போதுதான் தெரிந்தது. கேக்குக்குப் பக்கத்தில் தட்டுகளை ஏந்தி நின்றுகொண்டு மனதுக்குள் நாள் கணக்குப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம்தான். இவளுக்குப் பல் விழுந்தால் அவளுக்கும் விழுந்திருக்கும். இவள் சைக்கிள் பழகினால், சைக்கிள் இல்லாவிட்டாலும், அவளுக்கும் கால் அந்த அளவு நீண்டிருக்கும்.

முதல் தடவை மோலுக்குப் போனபோது எனக்கு ஓடும் படிக்கட்டில் ஏறத் தெரியவில்லை. மேடம் முன்னால் போய்விட்டார். நான் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழேயே நின்றேன். ஏறிப்போன அந்தப் பெண்பிள்ளை திரும்பி, இறங்குகிற படியில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அதன் மொழியில் எண்ணி, மூன்றில் என்னை இழுத்தது. ஏறிவிட்டேன். மேலே போனதும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. வீட்டு வேலைக்கு வந்தவள் என்று பார்க்கத் தெரியாத வயது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவோ நல்லதாக இருந்திருக்கும்.

மேடம் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். கை நீட்டியதில்லை, சாப்பாட்டில் குறை வைத்ததில்லை. மோலுக்குப் போனதும் சிநேகிதிகளோடு கோப்பிக் கடையில் உட்கார்ந்துவிடுவார். நான் பிள்ளைகளை மேல்மாடிக்குக் கூட்டிப்போவேன். பந்துகள் நிறைந்த தொட்டியும் சறுக்குப் பலகைகளுமாக ஒரு பெரிய விளையாட்டு இடம் அங்கே இருந்தது. வெளியே உட்காருவதற்கு ஒரு நீளமான வாங்கு. என்னைப் போல வேலைக்கு வந்த பெண்கள் மடியில் பைகளோடு வரிசையாக உட்கார்ந்திருப்போம். எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும் எல்லாருடைய கண்ணும் உள்ளேதான் இருக்கும்.

அங்கேதான் மொனராகலைப் பக்கத்துச் சிங்கள அக்கா ஒருவர் எனக்குப் பழக்கமானார். சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம், என்னை நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். பதினோரு வருடமாக வீடு மாறி மாறி வேலை செய்கிறவர். இவள் என் மகள் வயது என்று நான் கண்ணாடி வழியே காட்டியபோது அவர் சிரித்தார்.

"நங்கி, நானும் அப்படித்தான் இங்கே ஒரு பையனைப் பார்த்துப் பார்த்து என் மகனை நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போனால் மீசை வைத்த ஒருவன் வந்து பையை வாங்கினான். கூலிக்காரன் என்று நினைத்து, எவ்வளவு என்று கேட்டுவிட்டேன்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு இரண்டு பேரும் கண்ணாடிக்கு உள்ளே திரும்பிப் பார்த்தோம்.

அந்தப் பிள்ளை என்னிடம் தமிழ் பிடித்துக்கொண்டது. "வா" என்றும் "போதும்" என்றும் "கொஞ்சம் இரு" என்றும் சொல்லும். பளபளவென்ற அந்தத் தரையில் என் கையை இழுத்துக்கொண்டு "வா வா வா" என்று ஓடும்போது கடைகளில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். பெருமை வந்த அடுத்த நிமிடமே மகள் நினைவு வரும். என் மகளோடு நான் அப்படி ஓடியதில்லை. காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் முன்பே பிள்ளைக் காம்பராவைத் திறக்க ஓடுவேன். மாலையில் வந்து அடுப்புக்கு ஓடுவேன். அவளோடு ஓடியது என்று ஒரு நாள் கூட ஞாபகத்தில் வரவில்லை.

இரண்டாவது வருடம் முடிகிற நேரம், ஒரு மத்தியானம் அக்காவின் போன் வந்தது. எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் அந்த முறை ஏழு பிள்ளைகளுக்கு முதல் நன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குவது. என் மகளும் அதில் ஒருத்தி. எல்லாரும் வெள்ளைச் சட்டை போட வேண்டும்.

"பதுளையில துணி எடுத்து நம்ம டெய்லர்கிட்ட குடுத்தா ஒரு கெழமையில தைச்சுத் தந்துருவாரு" என்றாள் அக்கா.

மகள் போனைப் பறித்துக்கொண்டாள். "அம்மா, நீ அனுப்பு. கை ஊதுன மாதிரி இருக்குமே, அது. கீழ வலையெல்லாம் வச்சு. எல்லாருக்கும் டெய்லர் சட்டதான். எனக்கு மட்டும் வெளிநாட்டுச் சட்ட."

"அனுப்புறேன் தங்கம்" என்றேன்.

அக்கா மறுபடி போனை வாங்கினாள். "அளவு எப்பிடிடீ தெரியும் ஒனக்கு? நூலு வச்சு அளந்து சொல்லவா?"

"வேணாங்க்கா. இங்கயும் ஒரு புள்ள இருக்குல்ல, இதே வயசு. அதுக்குப் போட்டுப் பாத்து எடுத்துருவேன்."

லைன் வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன். "இருக்கேன், இருக்கேன்" என்றாள். "சரி, ஒனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்."

மேடத்திடம் கேட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தம்பியைத் தன்னோடு வைத்துக்கொண்டு, மகளை என்னோடு அனுப்பினார். பிள்ளைகள் உடுப்புக்கென்றே இருந்த ஒரு கடை. அதற்கு முன்பும் மோலுக்குப் போகும்போதெல்லாம் வெளியே நின்று பார்த்து வைத்திருந்த சட்டை அங்கே தொங்கியது. தூய வெள்ளை. ஊதிய கை, கழுத்தைச் சுற்றி முத்து மாதிரி சின்னப் பித்தான்கள், இடுப்புக்குக் கீழே மூன்று அடுக்கு வலை. அந்த அளவில் அது ஒன்றுதான் மிச்சம் என்று கடைப் பெண் சொன்னாள்.

உடுப்பு மாற்றும் அறைக்குள் கூட்டிப்போய் அந்தப் பிள்ளைக்கு மாட்டினேன். அளவெடுத்துத் தைத்தது போல நின்றது. அது கண்ணாடியைப் பார்த்துச் சுற்றியது. வலை விரிந்தது. நான் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து விளிம்பைச் சரிசெய்தேன். என் மகள் மாதா கோயில் நடுவழியில் கை கூப்பி நடந்து வருவது என் கண் முன்னால் வந்தது. அந்த நிமிடம் நான் பார்த்தது எந்தப் பிள்ளையை என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"சரி, கழட்டுவோம்" என்றேன்.

"இது எனக்கு" என்றது.

"இல்லம்மா. இது ஊரில் இருக்கிற என் மகளுக்கு. சொன்னேனே."

"எனக்கு." இரண்டு கையாலும் தன்னையே கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது. பிறகு அழுகை. அது கேட்டு இல்லையென்று சொன்ன ஆள் அந்த வீட்டில் யாரும் இல்லை. கடைப் பெண் திரையை விலக்கிப் பார்த்தாள். மேடத்துக்குப் போன் போட்டேன். தம்பியின் தள்ளுவண்டியோடு வந்தார். பார்த்ததும் சிரித்தார்.

"இன்றைக்கு இவளுக்கே இருக்கட்டும். உன் மகளுக்கு அடுத்த வாரம் நானே இதைவிட நல்லதாக வாங்கித் தருகிறேன்."

அவர் சொன்னபடி வாங்கித் தருவார். அது எனக்குத் தெரியும். அதற்கு முன்பும் வாங்கித் தந்திருக்கிறார். ஆனாலும் என் வாயில் வந்தது, "முடியாது மேடம்."

இரண்டு வருடத்தில் நான் அந்தச் சொல்லை அவரிடம் சொன்னதில்லை. அவர் சிரிப்பு நின்றது. கோபப்படவில்லை, யார் பேசியது என்பது போலப் பார்த்தார். "ஒரு சட்டைதானே" என்றார்.

"கோயிலுக்கு, மேடம். மகள் கேட்டது இதுதான்."

மேடம் மகளிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். "கழட்டி விடு. நாங்கள் வெளியே நிற்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறைக்குள் நானும் அந்தப் பிள்ளையும் மட்டும். பித்தான்களைக் கழற்ற விடவில்லை. என் கையைத் தள்ளியது. காலால் உதைத்தது. "வா கண்ணு, வா" என்று கெஞ்சினேன். மறுபடி உதைத்தபோது வலை கிழிகிற சத்தம் கேட்டது போல இருந்தது. கிழியவில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குள் எதுவோ அறுந்துபோனது. அதன் கையை முறுக்கிப் பிடித்து, தலைவழியே சட்டையை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

வெளியே வந்த முகத்தில் அழுகை நின்றிருந்தது. கழுத்தில் பித்தான் கீறிய சிவப்புக் கோடு, காதுக்குக் கீழிருந்து தோள் வரைக்கும். அது கையால் தொட்டுப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. பயந்த பார்வை. என்னைப் பார்த்து ஒரு குழந்தை பயந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைக் காம்பராவில் எத்தனை பிள்ளைகளை வளர்த்தவள் நான்! ஒன்றைக் கூட அதட்டியதில்லை என்று தாய்மார் சொல்வார்கள்.

தண்ணீர்ப் போத்தலில் கைக்குட்டையை நனைத்து ஒற்றினேன். வெளியே போனதும் மேடம் கேட்பார், போலீஸ் வரும், விமானத்தில் ஏற்றி விடுவார்கள், அல்லது அதைவிட மோசமாக. வாங்கில் கேட்ட கதைகள் எல்லாம் தலைக்குள் ஓடின. அந்த நேரத்தில் நான் முதலில் பயந்தது எனக்காகத்தான். பிள்ளைக்கு வலித்ததே என்ற நினைப்பு பிறகுதான் வந்தது.

வெளியே மேடம் குனிந்து பார்த்தார். "கழுத்தில் என்ன?"

அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் கீறிக்கொண்டேன்" என்றது. "நகத்தால்."

மேடம் அதை நம்பினார். அன்று காருக்குப் போகும் வரை அது என் கையைப் பிடிக்கவில்லை. தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பிடித்தது, ஆனால் "வா வா" என்று இழுத்து ஓடுவது குறைந்துவிட்டது. நான் சொன்னதற்கெல்லாம் உடனே தலையாட்டியது. மேடம் கூட, பிள்ளை வளர்ந்துவிட்டது, சொல் கேட்கிறது என்றார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்தேன். கேட்டால் மேடத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் கேட்காமலே விட்டேன்.

சட்டை பண்டாரவளைப் பெண்ணொருத்தி விடுமுறையில் போகும்போது அவள் பெட்டிக்குள் ஊருக்குப் போனது. அது போய்ச் சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். துணி மடிக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். என் கணவர் போனைப் பிடித்திருந்தார். மகள் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

தோள் இரண்டு பக்கமும் வழிந்தது. ஊதிய கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. வலை மண்ணில் கிடந்தது. பின்னால் நின்ற அக்கா, உபரித் துணியைக் கைப்பிடியாகச் சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் கையை விட்டதும் சட்டைக்குள் என் பிள்ளை காணாமல் போனாள்.

"பெரியம்மா, இது யாருது?" என்று மகள் கேட்டாள்.

"ஒனக்குத்தாண்டி. அம்மா அனுப்புனது."

"அப்புறம் ஏன் வேற யாருக்கோ வாங்குன மாதிரி இருக்கு?"

நான் சிரித்தேன். "வளர்ற புள்ளைக்குப் பெருசாத்தான் எடுக்கணும், தங்கம்" என்றேன். அவள் நம்பினாளோ என்னவோ. எனக்குத் தெரியும். பிள்ளைக் காம்பராவில் மாதம் தவறாமல் மிட்வைஃப் வருவார். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கித் தராசில் வைத்து நிறையைச் சொல்வது என் வேலை. அவர் கார்டில் புள்ளி வைப்பார். நிறை சரி என்று காட்டும் பச்சைக் கோட்டில் நிற்கிற பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பிள்ளைகளின் தோள் எவ்வளவு அகலம், மணிக்கட்டு எவ்வளவு மெலிசு என்று என் கைக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான், பாலும் இறைச்சியும் பழமுமாக வளர்ந்த ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்து என் பிள்ளைக்கு அளவு பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் என் பிள்ளையின் உடம்பு எனக்கு மறந்தே போயிருந்தது.

அக்கா சட்டையைப் பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் டெய்லரிடம் கொண்டுபோனாள். "நல்ல துணிம்மா, வெட்ட மனசு வரல்ல" என்றாராம் அவர். ஆனாலும் அழகாகக் குறைத்துத் தந்தார். மிச்சத் துணியில் தலைக்கு ஒரு பட்டியும் தைத்துக் கொடுத்திருந்தார். முதல் நன்மை அன்று எடுத்து அனுப்பிய படத்தில் என் மகள் மற்ற ஆறு பிள்ளைகளோடு நின்றாள். வாய் மூடிச் சிரித்தாள். எல்லாரையும்விட அவள் சட்டைதான் பளிச்சென்று இருந்தது. அவள்தான் எல்லாரையும்விடச் சின்னதாகவும் இருந்தாள்.

மூன்று வருடம் முடிந்து கிளம்பிய காலையில் அந்தப் பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தது. முதல் நாளே சொல்லியிருந்தேன். தலையாட்டியது.

ஊருக்கு வந்தபோது மகள் என்னை "நீங்க" என்றாள். போகும்போது "நீ" என்று கூப்பிட்டவள். "வாங்கம்மா, சாப்பிடுங்கம்மா" என்று விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசினாள். இருட்டினதும் பாயைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. நான் அனுப்பிய காசு கூரைக்கும் கணவரின் முதுகு வைத்தியத்துக்கும் போயிருந்தது. கூரை ஒழுகவில்லை, அவர் நேராக நடந்தார். அதைக் குறை சொல்ல முடியாது.

வந்த மூன்றாம் வாரம் மகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது அக்காவுக்கு முகம் மாறியது.

"நான் சோறு போடலேங்கிறியா?"

"அப்பிடி இல்லக்கா. ஒருக்கா டொக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம்னுதான்."

"எம் புள்ளைங்களப் பாரு. அதுங்களுக்கு என்ன போட்டேனோ அதத்தான் ஒம் புள்ளைக்கும் போட்டேன். ஒரு முட்ட அவிச்சா மூணாத்தான் வெட்டுனேன்."

அவள் பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்றன. இரண்டும் என் மகளைப் போலவே மெலிந்து இருந்தன. அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் உதறிவிட்டு உள்ளே போனாள். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவள் பிள்ளைகளையும் சேர்த்து மூன்று பேரையும் கூட்டிப்போவதாகச் சொன்னேன். "போயிட்டு வா" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

மூன்று பேருக்கும் இரத்தம் குறைவு என்றார் டொக்டர். நிறையும் போதாது. மாத்திரை எழுதினார், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் அக்கா பிள்ளைகள் முன் சீட்டில் தூங்கின. மகள் என் பக்கத்தில் இருந்தாள். பஜார் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் கேட்டாள்.

"அம்மா, அங்க கடையெல்லாம் எப்பிடி இருக்கும்?"

சொல்ல ஆரம்பித்தேன். கண்ணாடி லிஃப்ட், ஓடும் படிக்கட்டு, பந்துத் தொட்டி. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் "அந்தப் புள்ள" என்று வந்தது. அந்தப் புள்ள கையப் பிடிச்சு ஏத்திவிட்டுச்சு. அந்தப் புள்ள பந்துக்குள்ள ஒளிஞ்சுக்கும். அது இல்லாமல் ஒரு கடையைக் கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாதியில் நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? சொல்லுங்க" என்றாள்.

"போதும், இன்னொரு நாளைக்குச் சொல்றேன்."

"அந்தப் புள்ளைக்கு இப்ப யாரு தலை பின்னிவிடுறா?"

"வேற யாராச்சும் வந்திருப்பாங்க."

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது மகள் வாரத்தில் நான்கைந்து நாள் எங்கள் வீட்டில்தான் படுக்கிறாள். காய்ச்சல் வந்தால் மட்டும் "பெரியம்மா" என்றுதான் முனகுவாள். நான் போய் அக்காவைக் கூட்டி வருவேன். இரண்டு பேரும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்போம். "நீங்க" இன்னும் மாறவில்லை.

போன மாதம் மேடம் செய்தி அனுப்பியிருந்தார். புதிதாக வந்த பெண் சரியில்லை, நீ திரும்பி வருகிறாயா, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று. கணவரிடம் காட்டினேன். "ஒன் இஷ்டம்" என்றார். இரண்டு நாள் யோசித்து, வரவில்லை என்று எழுதினேன். மகளுக்காகத்தான் போகவில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அது பாதி உண்மை. கழுத்தில் கோட்டோடு என்னைப் பார்த்த அந்த முகத்துக்கு முன்னால் இன்னொரு தடவை போய் நிற்க எனக்குத் துணிவில்லை.